உண்ணிச்செடிக்கு மருந்தடித்தவர்

இரும்புலியூரில் ரயில் பாதைக்குப் பக்கத்து ஓட்டு வீட்டில் குடியிருந்த லாசரஸை, தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் மாடு வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். பேர் தெரியாதவர்கள் ‘மருந்துக்காரர்’ என்பார்கள். ஒல்லியான உடம்பு. முதுகில் பித்தளைப் பம்பு. சைக்கிள் காரியரில் கயிறு போட்டுக் கட்டிய மருந்து டின். அதிகம் பேசமாட்டார். வழியில் யாராவது நிறுத்தினால் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கேட்பார், தலையை ஆட்டுவார், கிளம்பிவிடுவார்.

முதலில் அவர் மலேரியா ஒழிப்பு இலாகாவில் தற்காலிக ஊழியராக இருந்தார். வீடு வீடாகப் போய்ச் சுவரில் டி.டி.டி. அடித்துவிட்டு, அடித்த தேதியைக் கதவோரம் எழுதிவிட்டு வரவேண்டும். சுவரெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளையாகிறது, மூட்டைப்பூச்சி முன்னைவிட ஜாஸ்தியாகிவிட்டது என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். லாசரஸ் பதில் பேசாமல் அடித்துவிட்டுப் போவார். கொசு குறைந்ததும் ஆட்களையும் குறைத்தார்கள். அவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி ரத்தினபாய் தாம்பரத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. டீச்சர் சம்பளத்தில் வீடு நடந்தது. லாசரஸ் காலையில் எழுந்து அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருந்தவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் யக்ஞநாராயணன் என்கிற கால்நடை டாக்டர். அப்போது புதிதாக மாற்றலாகி வந்திருந்தார், லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போவார்.

வண்டலூருக்கு மேற்கே, கல்குன்றுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் ஒரு பெரிய மேய்க்கால் இருந்தது. சர்க்கார் புறம்போக்கு நிலம். சுற்றியுள்ள ஊர்களின் மாடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். அந்த நிலத்தில் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. பார்க்க அழகான செடி. மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும், பழம் கறுப்பு மணி மாதிரி இருக்கும். குருவிகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட்டதில், நாலைந்து வருஷத்தில் பாதி மேய்க்கால் புதராகிவிட்டது. இலையைக் கசக்கினால் மூக்கைப் பிடிக்கும் நாற்றம். அந்த நாற்றத்துக்காகவே மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். ஆனால் புல் தீர்ந்துபோன காலத்தில் பசி தாங்காமல் கடிக்கும். கடித்த மாடு அசைபோடாது. சாணி கட்டிப்போகும். கண் மஞ்சளாகும், மூக்குத் தோல் வெடிக்கும். வெயிலைக் கண்டால் பயந்து மரத்தடியை விட்டு நகராமல் நிற்கும். பத்து நாளில் போய்விடும்.

வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது, கொளுத்தினால் இன்னும் அடர்த்தியாக வருகிறது என்று அங்கிருந்த பால் சங்கத்தார் டாக்டரிடம் முறையிட்டார்கள். சங்கத்துத் தலைவர் ராஜகோபாலன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு இடத்துக்கு மனுப்போட்டு, களைக்கொல்லி மருந்து வாங்க ஏற்பாடு செய்தார். அப்போது அது அந்தப் பக்கத்துக்குப் புதுசு. பம்பு பிடித்துப் பழகிய ஆள் வேண்டும் என்றபோது யாரோ லாசரஸ் பேரைச் சொன்னார்கள்.

டாக்டர் அவரை மேய்க்காலுக்கே கூட்டிக்கொண்டுபோய் எல்லாம் காட்டினார். முதலில் புதரை அடியோடு வெட்ட வேண்டும். மழை பெய்து, துளிர் முழங்கால் உயரம் வந்ததும், காற்று இல்லாத காலையில், சோப்புத் தண்ணீர் கலந்த மருந்தை இலை நனைய அடிக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

“லாசரஸ், இதை நன்னா ஞாபகம் வெச்சுக்கோங்க. மருந்து மாட்டைக் கொல்லாது, செடிதான் கொல்லும். ஆனா மருந்து பட்ட செடி வாடறப்போ அந்த நாத்தம் போயிடும். பச்சைச் செடியைத் தொடாத மாடு, வாடின செடியை ஆசையாத் தின்னும். விஷம் இலையில அப்படியே இருக்கும். காய்ஞ்சு சருகாகி உதிர்ற வரைக்கும் ஒரு மாடு உள்ளே போகப்படாது.”

லாசரஸ் தலையை ஆட்டினார். மருந்தடித்த பகுதியைச் சுற்றி முள்வேலி போட்டு, வழியில் கதவு மாதிரி ஒரு படல் வைத்துக் கட்டினார். உள்ளே மாடு விடக்கூடாது என்று ஊரில் தண்டோரா போடச் சொன்னார். கூலி ஆட்களோடு புதர் வெட்டியவர்களில் ஜெயவேலு என்று ஒருவன். மேய்க்காலை ஒட்டிய ஊரில் ஏழு மாடுகள் வைத்திருந்தான். கருத்த, கட்டையான ஆள், வாய் ஓயாமல் பேசுவான். பேசாத லாசரஸுக்கும் ஓயாமல் பேசும் ஜெயவேலுவுக்கும் எப்படியோ ஒத்துப்போயிற்று. மத்தியானத்தில் ஜெயவேலுவின் பெண்டாட்டி நவநீதம் கூழ் கொண்டுவந்தால் லாசரஸுக்கும் ஒரு சொம்பு வரும்.

முதல் வருஷம் அடித்த இடத்தில் உண்ணி வேரோடு பட்டுப்போயிற்று. மழைக்குப் பிறகு அருகம்புல் விரித்தது. மாடுகள் தலையைத் தூக்காமல் மேய்ந்ததை ராஜகோபாலன் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அடுத்த வருஷம் இன்னொரு பகுதி. பிறகு குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். லாசரஸ் வாசலில் உட்கார்ந்து ரயில் பார்ப்பது நின்றது.

ரத்தினபாய்க்கு அந்த மருந்து வாடையே பிடிக்காது. துணியைக் கிணற்றடியில் தனியாக ஊறவைப்பாள். “இத்தனை செடியைக் கருக்குதே, உங்களை ஒண்ணும் பண்ணாதா?” என்று ஒருநாள் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாசரஸ் நிமிராமலே, மாட்டையே ஒன்றும் பண்ணாது என்று டாக்டர் சொல்கிறார், மனுஷனையா பண்ணப்போகிறது என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. வாடின செடியைப் பற்றி டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் மாடு இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. மூன்றாவது வருஷத்திலேயே விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. பம்பின் வாஷர் தேய்ந்து மருந்து கையில் வழிவது வழக்கம். கலக்கும்போது குச்சி கிடைக்காவிட்டால் கையாலேயே கலக்குவார். முதலில் ஊசி குத்துவது போல ஒரு சுருசுருப்பு இருந்தது. பிறகு அதுவும் இல்லை. சூடான காபி டம்ளரை அவர் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டிருக்கிறார். பிறகு கால் விரல்களிலும் அதே மாதிரி. சொன்னால் ரத்தினபாய் மறுநாளே வேலையை விடச் சொல்வாள். மறுபடி வாசலில் உட்கார வேண்டும். அதனால் சொல்லவில்லை.

அறுபத்தெட்டில் வானம் ஏமாற்றியது. கோடை மழை இல்லை. ஆவணியில் இரண்டு மூன்று தூறல் விழுந்தது. புல் தலைகாட்டுமுன்பே மாடுகள் சுரண்டித் தின்றுவிட்டன. உண்ணிச்செடி மட்டும் அந்தத் தூறலுக்கே தழைத்தது. ஏரிப் பக்கத்தில் கடைசியாகப் பாக்கியிருந்த பகுதிக்குப் புரட்டாசியில் லாசரஸ் மருந்தடித்தார். வேலி போட்டுப் படலைக் கட்டிவிட்டு, தண்டோராவும் போடச் சொல்லிவிட்டு, குன்றத்தூரில் ஒப்புக்கொண்டிருந்த வேலைக்குப் போய்விட்டார். அங்கேயே தங்க வேண்டியிருந்தது. வேலிக்கு உள்ளே ஓர நிழலில் உண்ணிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் புல் பச்சையாக நின்றது. ஊர் முழுக்க வேறெங்கும் பச்சை இல்லை.

அவர் திரும்பி வந்த அன்று டாக்டரின் ஸ்கூட்டர் மேய்க்கால் பாதையில் நின்றது. புளியமரத்து நிழலில் மாடுகள் வரிசையாக நின்றன. எதுவும் வாலை ஆட்டவில்லை. ஜெயவேலுவின் செவலைப் பசு தலையைத் தொங்கப்போட்டு மரத்தண்டில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது. அதன் கண் ஓரம் மஞ்சள் தடவியது போல இருந்தது. டாக்டர் கரியைப் பொடி செய்து கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தார், ஆட்கள் மாட்டின் வாயைப் பிடித்திருந்தார்கள். லாசரஸ் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் பிடித்தபடியே நின்றார்.

அந்த வாரத்தில் ஒவ்வொன்றாகச் செத்தன. செவலைதான் முதலில். டாக்டர் அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தார். செரிக்காத இலைகள் கட்டியாக உறைந்து கிடந்தன. ஒன்றைக் குச்சியால் எடுத்து விரித்தார். உண்ணி இலை என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. ஜெயவேலுவின் மாடுகளில் மூன்று போயின. திறந்து கிடந்த படல் வழியாகப் பின்னால் நுழைந்த மற்றவர்களின் மாடுகள் அதைவிட அதிகம்.

ஏரிக்கரை ஓரம் குழி வெட்டினார்கள். லாசரஸும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. மற்றவர்கள் சுண்ணாம்பு மூட்டை எடுத்துவரப் போனபோது குழிக்குள் அவரும் ஜெயவேலுவும் மட்டும் இருந்தார்கள். ஜெயவேலு மண்ணை வாரிப் போட்டுக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினான்.

“நான் உன் வூட்டாண்ட வந்தேண்ணா. நீ குன்றத்தூர் போய்ட்டேன்னாங்க. டீச்சரம்மா இருந்தாங்க. மாடுங்க பட்னி கீது, வேலியாண்ட கொஞ்சம் புல்லு கீது, அண்ணன் அடிக்கிற மருந்து மாட்டுக்கு வெஷமான்னு கேட்டேன். வெஷமெல்லாம் இல்ல, மாட்டை ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டரே சொன்னாராம், அண்ணனே தெனம் அதுல முழுகி எழுந்துகினு நல்லாத்தானே கீறாருன்னாங்க. செடி வெஷம்னு எனக்குத் தெரியும். புல்லு இருந்தா அதை எந்த மாடும் தொடாதே, புல்லைத்தானே மேயும்னு அவுத்து வுட்டேன். இந்தத் தபா தொட்டுச்சு.”

லாசரஸ் மண்வெட்டியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். காம்பில் ஒரு சிலாம்பு கிளம்பியிருந்தது, உள்ளங்கையில் கீறி ரத்தம் வந்திருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. ஜெயவேலுவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதற்குள் மேலேயிருந்து சுண்ணாம்பு மூட்டையை இறக்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால் சங்கத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மாடு இழந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பெண்கள் வெளியே நின்றார்கள். டாக்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படலைத் திறந்தது யார் என்று ராஜகோபாலன் கேட்டார். ஜெயவேலு எழுந்து, நான்தான் என்றான். தண்டோரா போட்டும் ஏன் திறந்தாய் என்றார் ராஜகோபாலன்.

“மருந்து ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க,” என்றான் ஜெயவேலு.

“யாரு சொன்னது?”

ஓயாமல் பேசுகிறவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராஜகோபாலன் மறுபடி கேட்டார். பின்னாலிருந்து யாரோ, சொல்லுடா, யாரா இருந்தாலும் சொல்லு என்று அதட்டினார்கள். அப்போது லாசரஸ் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“நான்தான் சொன்னேன்.”

ஜெயவேலு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். பிறகு பழையபடி தரையைப் பார்த்தான். இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர்தான் மெதுவாகக் கேட்டார். “நான் உங்ககிட்ட என்ன சொன்னேன், லாசரஸ்?” லாசரஸ், சொன்னீங்க சார் என்றார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளியே நின்ற ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள். லாசரஸின் சட்டை மேல் கொஞ்சம் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பம்பைச் சங்கத்திலேயே ஒப்படைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம், தான் இப்போது வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தார். வருத்தம் எங்கோ தூரத்தில், பக்கத்து வீட்டில் பேசும் பேச்சு போலத்தான் கேட்டது.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் ரத்தினபாயின் வகுப்பில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மாடுகள் செத்தது, குழி வெட்டியது, கூட்டத்தில் தன் புருஷன் எழுந்து சொன்னது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் முகம் கழுவினாள், அடுப்பு மூட்டினாள். ராத்திரி சோறு போடும்போது கரண்டி தட்டில் பட்டு இரண்டு தடவை சத்தம் வந்தது. ஜெபம் பண்ணும்போது அவள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் முன்போலவே நடந்தன. காலையில் தண்ணீர் இறைத்தார். அவள் டிபன் கட்டிக்கொண்டு போனாள். அரிசி, மண்ணெண்ணெய், பாஸ்டர் வீட்டுக் கல்யாணம், மழைக்கு ஒழுகும் ஓடு, இவற்றைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டார்கள். ஜெயவேலு பேர் மட்டும் வந்ததில்லை.

கைகளைப் பற்றி ரத்தினபாய் தானாகவேதான் தெரிந்துகொண்டாள். மறு வருஷம் கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குக் கிளம்பும்போது லாசரஸ் வெகுநேரம் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று வந்து பார்த்தாள். சட்டைப் பித்தானைத் துளையில் போட அவரால் முடியவில்லை. விரலுக்குப் பித்தான் இருப்பதே தெரியாமல் நழுவிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எங்கெங்கோ சுட்ட தழும்புகள், வெட்டிய தழும்புகள். அவள் முகம் வெளுத்துவிட்டது. செங்கற்பட்டு ஜில்லாவில் கை மரத்தது என்றால் எல்லோருக்கும் முதலில் மனசில் வருவது ஒரே வியாதிதான். கோயிலுக்குப் போகவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஊசியால் குத்திப் பார்த்தார்கள், பஞ்சால் தடவிப் பார்த்தார்கள், தோலைச் சீவிப் பரிசோதித்தார்கள். குஷ்டம் இல்லை என்று சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. சர்க்கரையும் இல்லை. என்ன தொழில் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். சொன்னதும், அந்த மருந்தாலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டபோது லாசரஸ், ஐந்து வருஷம் இருக்கும் என்றார். பக்கத்தில் நின்ற ரத்தினபாய் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையிலிருந்து அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுவது அவள் வேலையாயிற்று. மேலேயிருந்து கீழே போட்டுக்கொண்டு வருவாள், கடைசிப் பித்தான் போட்டதும் சட்டையை ஒருதரம் இழுத்துவிடுவாள்.

லாசரஸுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் மரம் அடுக்கி வைத்து விற்கிற ஒரு மரத்தொட்டியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. லாரிகள் வரும்போது கேட்டைத் திறந்து மூட வேண்டும். அதற்கு விரல் நுனி தேவைப்படவில்லை. பால் சங்கம் வேறு யாரையோ வைத்து மருந்தடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டார். உண்ணி மறுபடி வந்துவிட்டது என்றார்கள். யக்ஞநாராயணன் மாற்றலாகிப் போனார். பிறகு மேய்க்காலில் ஒரு பகுதிக்குக் கல் நட்டு வீட்டுமனை போட ஆரம்பித்தார்கள் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இதையெல்லாம் லாசரஸ் பேப்பரில் வந்த அயல்தேசத்துச் செய்தி போலக் கேட்டுக்கொண்டார். கேட்டைத் திறந்தார், மூடினார்.

எழுபத்தைந்தில் ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார். ரத்தினபாய் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போனவள் தரையைப் பார்த்து நின்றாள். வாசலிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் சிமெண்டுத் தரையில் ரத்தத் திட்டுகள். அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி குதிகாலில் இறங்கியிருந்தது. மரத்தொட்டியிலிருந்து அதோடேயே நடந்து வந்திருக்கிறார்.

“இது எப்பங்க குத்துச்சு?”

“தெரியல.”

அவள் செருப்போடு சேர்த்து ஆணியைப் பிடுங்கினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, டெட்டால் ஊற்றி, காலைத் தன் மடியில் வைத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் சுத்தமாக வர ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை.

“ஜெயவேலுகிட்ட சொன்னது நான்தான்,” என்றாள். “உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“குழி வெட்டின அன்னிக்கே.”

“அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? திட்டியாவது இருக்கலாம்ல?”

அவர் பதில் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட ஆரம்பித்தாள்.

“டாக்டர் சொன்னதுல பாதியைத்தான் உங்கிட்ட சொல்லியிருந்தேன்,” என்றார். “நீ அந்தப் பாதியைச் சொன்னே.”

“கை மரத்துப்போச்சுன்னும் சொல்லல.”

“ஆமா. சொல்லல.”

“தெரிஞ்சிருந்தா நான் அவன்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பேனா?”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்குப் புரியவில்லை. கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்க வந்து, அவருக்கு அது தெரியாது என்று ஞாபகம் வந்து, விரலை உள்ளே விட்டுத் தானே பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்த் தரையைத் துடைத்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினாள். வண்டலூர் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். லாசரஸ் காலில் கட்டோடு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்து, பானையில் இருந்த பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ரயில் போயிற்று, இன்னொன்று வந்தது. அவள் என்ன பேசுவாள், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்க்க முயன்றார். நவநீதத்தின் முகம்கூட அவருக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு ரத்தினபாய் வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள். அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். ஜெயவேலு முன்போல் இல்லை, தலை பூராவும் நரைத்துவிட்டது, செங்கல் லாரியில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறான். நவநீதம் முதலில் உள்ளேயே இருந்தாளாம், வெளியே வரவில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னது நான்தான், அவர் இல்லை என்று ரத்தினபாய் அவர்கள் வாசலில் நின்று சொன்னாளாம்.

“அதுக்கு என்ன சொன்னான்?” என்றார் லாசரஸ்.

“எனக்குத் தெரியாதா டீச்சரம்மா, என் காதாலதானே கேட்டேன்னான். அவன் பொண்டாட்டிக்குத்தான் தெரியாதாம். இத்தனை வருஷமா அவகிட்டயும் அவன் சொல்லல. உன் புருசன் மேல மண்ணைத் தூத்துனது நான்தான்னு சொன்னா. அப்புறம் உள்ள போய்ட்டா. ரொம்ப நேரம் வரல. நான் கிளம்பலாம்னு எழுந்தேன். காபி போட்டுகினு வந்தா.”

“குடிச்சியா?”

“குடிச்சேன்.”

லாசரஸ் காலை நீட்டி உட்கார்ந்தார். கட்டின் ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், ஊசி போடச் சொல்ல வேண்டும் என்றாள். சரி என்றார். கொஞ்சநேரம் கழித்து அவன் வீட்டில் இப்போது மாடு இருக்கிறதா என்று கேட்டார்.

“ஒண்ணு இருக்கு. கன்னு போட்டு ஒரு மாசம் ஆகுதாம்.”

“எங்க மேய்க்கிறான்?”

“மேய விடுறதில்லையாம். வூட்டுலயே கட்டி வெச்சு வைக்கோல்தான்.”

லாசரஸ் தலையை ஆட்டினார். ரத்தினபாய் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பேப்பர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.